வகுப்பில் சிவப்பு வயர், நெட்டில் வெறும் கட்டம்

போன வாரம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். சுவரில் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதறாதீர்கள், போஸ்டரில்தான். மூலம், பவுத்திரம் வைத்தியருக்கும் ஒரு கட்சிப் பொதுக்கூட்டத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு போஸ்டர். ஐந்தாறு பையன்களின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். எல்லாம் இப்போதுதான் மீசை அரும்பிய முகங்கள். அந்த வரிசையின் கடைசியில், நாற்பத்தாறு வயதும் முன்மண்டை வழுக்கையுமாக என் வீட்டுக்காரர். மேலே கொட்டை எழுத்தில் - 'நெட்வொர்க்கிங் சர்வதேசத் தேர்வில் சாதனை படைத்த எங்கள் மாணவர்கள்!'

எங்கள் மாணவர்களாம். அந்த இடத்திலேயே போஸ்டரைக் கிழித்திருப்பேன். கையில் காய்கறிப் பை இருந்தது, அதனால் தப்பித்தார்கள்.

எரிச்சலோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்தால், வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த இ-மெயிலை பிரிண்ட் எடுத்து மேஜை மேல் வைத்திருந்தார். 'எங்கள் ஆன்லைன் பயிற்சியால் வெற்றி பெற்ற உங்களுக்கு வாழ்த்துகள். உங்கள் வெற்றிக் கதையை எங்கள் தளத்தில் வெளியிடலாமா?'

எப்படி இருக்கிறது பாருங்கள்! பெயிலாகியிருந்தால் இந்த மனிதரை இரண்டு பேருக்குமே யாரென்று தெரிந்திருக்காது.

போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து எங்கள் தெருவில் ஒரே விசாரிப்பு. "எம்மகன் டிகிரி முடிச்சிட்டான்க்கா. அவனைக் க்ளாஸ்ல சேக்கட்டுமா, நெட்ல படிக்கச் சொல்லட்டுமா? உங்க வீட்ல அவிய ரெண்டுலயும் படிச்சாகளாமே..." நான் பத்திரிகையில் எழுதுவதைப் படிக்கிற வாசகர்களும் இதையே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ரகசியம் எதுவும் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் சண்முகம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நாங்கள் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருகிறார்.

அவர் முதலிலேயே கம்ப்யூட்டர் ஆள் இல்லை. மில்லின் பஞ்சு கோடவுனில் எடை பார்த்து எழுதும் கிளார்க்காகத்தான் சேர்ந்தார். பஞ்சு பேலைப் பிரித்தால் தூசி பறக்குமே, அது அவருக்கு ஆகவே ஆகாது. இளைப்பு. கல்யாணமான புதிதில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் வரும்போதே மூச்சிரைக்கிற சத்தம் எனக்குச் சமையல்கட்டில் கேட்கும். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வார். "மருந்து தாரேன். ஆனா பஞ்சுல இருந்து தள்ளி இருக்கணும்" என்றார் டாக்டர். ராஜபாளையத்தில் இருந்துகொண்டு பஞ்சிலிருந்து எங்கே தள்ளிப் போவது?

எண்பதுகளின் நடுவில் மில்லுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, கண்ணாடிக் கதவு, ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்போதிருந்த பெரிய முதலாளி இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏமய்யா சண்முகம்... இந்த மிஷினுக்குத் தூசி ஆகாதாம். உனக்கும் ஆகாது. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருங்க."

அவ்வளவுதான் இன்டர்வியூ. டைப்ரைட்டிங் தெரியுமா என்று கூடக் கேட்கவில்லை. மிஷினுக்காகப் போட்ட ஏ.சி.யில் என் வீட்டுக்காரரும் பிழைத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குள் இளைப்பு ஏறக்குறைய மறைந்தே போனது. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவரை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் கும்பிடும்.

இப்போது நடப்பது சின்ன முதலாளி நிர்வாகம். வெளியூரில் படித்தவர், வெளிநாடு பார்த்தவர். ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, மில் முழுக்க நெட்வொர்க் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாக் கம்ப்யூட்டரையும் வயரால் இணைத்துவிட்டால், இங்கே தட்டினால் அங்கே தெரியுமாம்.

"ஆனா அதுக்கு சர்ட்டிபிகேட் உள்ள ஆள்தான் இன்சார்ஜா இருக்கணும், சண்முகம் சார். பொங்கலுக்குள்ள நீங்க வாங்கிட்டா நீங்களே இருங்க. இல்லாட்டி மதுரைல இருந்து ஒரு ஆளைப் போட்ருவேன். உங்களுக்கென்ன... கோடவுன்லதான் ஏற்கெனவே அனுபவம் இருக்கே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். இவரும் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை. சர்ட்டிபிகேட் கிடைக்காவிட்டால் பதவி போகும், மரியாதை போகும் என்பதெல்லாம் இருக்கட்டும். இவருக்கு மூச்சு போகுமே!

முதலில் வகுப்பு.

ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். கீழே மோட்டார் பம்ப் செட் விற்கும் கடை, மாடியில் சர்வதேசக் கல்வி. கீழே யாராவது மோட்டாரை ஓட்டிப் பார்த்து வாங்கினால், மேலே பாடம் நிற்கும். மோட்டார் நின்றதும் பாடம் தொடரும்.

வகுப்பில் இவரைத் தவிர எல்லோரும் காலேஜ் முடித்த பையன்கள். முதல் நாளே 'அங்கிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாடம் நடத்தியவருக்கும் அவர்கள் வயதுதான். ஆனாலும் அவர் 'சார்'. இவர் எழுந்து நின்று "சார்" என்று சந்தேகம் கேட்டால், அவர் "சொல்லுங்க அங்கிள்" என்பார். இது என்ன முறையோ!

பாடம் என்றால் என்ன? டிக்டேஷன். கமா, புல்ஸ்டாப் எல்லாம் சேர்த்துச் சொல்லுவார், இவர்கள் எழுதிக்கொள்வார்கள். "லேப் கிடையாதா?" என்று நான் கேட்டேன். இருந்ததாம். கண்ணாடி அறைக்குள் இரண்டு கம்ப்யூட்டர், வயர்கள் எல்லாம் வந்து சேருகிற 'ஹப்' என்ற பெட்டி, ஒரு சுருள் கேபிள். சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஹப் மேல் அப்படியே காய்ந்திருக்குமாம். சாவி நிர்வாகியிடம். அவர் இருப்பது பக்கத்து ஊரான செட்டியார்பட்டியில். மாணவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம், தொடக் கூடாது.

"சாமி கும்பிடவா போறீங்க?" என்றேன்.

"அப்படிச் சொல்லாதட்டி. விலை ஒசந்த சாமான், ரிப்பேராயிட்டா யாரு பாக்குறது?" என்றார். இவரும் பல வருஷமாக மில் கம்ப்யூட்டரைச் செருப்புக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டவர்தானே. அவருக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பாதிப் பாடத்தில் சார் காணாமல் போனார். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாம். இந்தப் படிப்பு படித்தால் வேலை கிடைக்கும் என்பதற்கு அவரே கண்கண்ட சாட்சி என்று நிர்வாகி பெருமையாகச் சொன்னாராம். பாடம் நடத்த ஆள் இல்லையே என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அப்புறம் இரண்டாவது சார் வந்தார். வந்தவர் எங்கிருந்து தொடங்கினார் தெரியுமா? முதல் பாடத்திலிருந்து. நெட்வொர்க் என்றால் என்ன... டிக்டேஷன்... கமா... புல்ஸ்டாப்...

பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. சின்ன முதலாளியிடம் இவர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். "க்ளாஸெல்லாம் பழைய காலம் சார். நெட்ல படிங்க" என்று சொல்லி, ஓர் அமெரிக்க ஆன்லைன் பயிற்சியில் அவரே சேர்த்துவிட்டார். இனிமேல் இரண்டிலும் படிப்பு.

அந்தப் பயிற்சியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தது - எந்த நேரத்திலும், எந்த இடத்திலும், உங்கள் வேகத்தில்.

எழுதினவரை ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

எந்த இடத்திலும் என்றால் எங்கள் ஊரில் ஒரே இடம்தான். அமீர் பாயின் எஸ்.டி.டி. பூத். ஜெராக்ஸும் அங்கேயே. பின்பக்கம் ப்ளைவுட்டால் தடுத்து இரண்டு கம்ப்யூட்டர் வைத்து 'பிரவுசிங் சென்டர்' ஆக்கியிருந்தார். எந்த நேரத்திலும் என்றால் - கரண்ட் இருக்கிற நேரம், டெலிபோன் லைன் உயிரோடு இருக்கிற நேரம், அமீர் பாய் தொழுகைக்குப் போகாத நேரம், வெளியே எஸ்.டி.டி. பேச ஆள் வராத நேரம். இது நான்கும் ஒன்றாகக் கூடி வர வேண்டும். முகூர்த்தம் பார்ப்பது இதைவிடச் சுலபம்.

சரி, உங்கள் வேகத்தில் என்றால் யார் வேகத்தில்? டெலிபோன் டிபார்ட்மென்ட் வேகத்தில்தான்.

பாடம் முழுக்க இங்கிலீஷ். இவருடைய இங்கிலீஷ் கம்ப்யூட்டரில் ஃபைலுக்குப் பெயர் வைக்கிற அளவுக்குத்தான். அதனால் பி.ஏ. படித்த நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. ப்ளைவுட் தடுப்புக்குள் ஒரே ஸ்டூல். அவர் ஸ்டூலில் உட்கார, நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்து வாசித்து அர்த்தம் சொல்ல... அமீர் பாய்க்குச் சங்கடம்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. கதவு மட்டும் தொறந்தே இருக்கட்டும்."

"எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு பாய்!"

"எனக்குத் தெரியுதுக்கா. எஸ்.டி.டி. பேச வாரவனுக்குத் தெரியுமா?"

கதவைத் திறந்து வைத்தோம். நான் உரக்க வாசிக்கிற நெட்வொர்க் பாடத்தை, ஆண்டாள் கோயிலுக்கு வந்துவிட்டு ஊருக்கு போன் பேச வந்தவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள். நடுவில் அமீர் பாயின் தலை எட்டிப் பார்க்கும். "அண்ணே, செத்த நேரம் நெட்டைக் கட் பண்ணிக்கிடுங்க. ஒரு கால் போட்டுட்டுத் தந்துருதேன்." இருந்தது இரண்டு லைன். அதில் ஒன்று எப்போதும் செத்துக் கிடக்கும். கட் பண்ணினால் மறுபடி முதலிலிருந்து அந்தக் கீச்சுக் கீச்சுச் சத்தம், மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி அதே பக்கம்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. பாடத்தில் நாலு வரிக்கு ஒரு தடவை 'கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்' என்று வரும். கீழே பார்த்தால் வெறும் கட்டம். படம் இல்லை. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கட்டம், கட்டம், கட்டம்... 'சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்' என்று போட்டிருந்ததை நம்பி, கேபிளில் எந்த வயர் எங்கே வரும் என்று கேட்டு இ-மெயில் அனுப்பினோம். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். 'தயவுசெய்து படத்தைப் பார்க்கவும்.'

அந்தச் சமயத்தில்தான் மில்லுக்கு கேபிள் பெட்டியும் ஹப்பும் வந்து இறங்கின.

சின்ன முதலாளி வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வரச் சொன்னார். "சார், ஆபீஸ்ல ரெண்டு கம்ப்யூட்டரை மட்டும் இப்ப கனெக்ட் பண்ணிக் காட்டுங்க. பார்ப்போம்." மேனேஜர், அக்கவுண்ட்ஸ் ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். யாரோ சூடம் கூடக் கொளுத்தினார்களாம்.

இந்தக் கேபிளுக்குள் எட்டு மெல்லிய வயர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கலர். அதைக் குறிப்பிட்ட வரிசையில் அடுக்கி முனையில் சொருகினால்தான் வேலை செய்யும். வரிசை இவருக்குத் தலைகீழ்ப் பாடம். வகுப்பில் போர்டில் கலர் சாக்பீஸால் வரைந்து போட்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். குளிக்கும்போது கூடச் சொல்லிக்கொண்டிருப்பார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். அந்த ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக வெள்ளைக் கோடு போட்டது ஒன்று.

கேபிளின் மேல்தோலைச் சீவினார். வயரைப் பிரித்தார். சிவப்பைத் தேடினார். சிவப்பு இல்லை. மஞ்சளைத் தேடினார், அதுவும் இல்லை.

இன்னொரு முனையைச் சீவினார். அங்கேயும் இல்லை. ஆரஞ்சு கலரில் ஒன்றும் பிரவுன் கலரில் ஒன்றும் இருந்தன.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். எல்லோர் முன்னாலும் திடமாகச் சொன்னார் - "சார், இது டூப்ளிகேட் கேபிள். ஏமாத்திட்டான்."

அப்புறம் என்ன? சின்ன முதலாளிக்குக் கோபம் வந்து அங்கேயே மதுரை டீலருக்கு போன் போட்டார். எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டு, போலிச் சரக்கை விற்கிறாயா என்று சத்தம் போட்டிருக்கிறார். டீலர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"சார், சிவப்பு வயர் இருக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னது? உலகத்துலயே இந்தக் கேபிள்ல சிவப்பு கிடையாதே!"

ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. சின்ன முதலாளி போனை வைத்துவிட்டு, இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரி சார், பரீட்சை வரைக்கும் பாப்போம். அந்த மதுரைப் பையனையும் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லி வைக்கேன்" என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றக் கூட இல்லை. பீரோவுக்கு மேலே எதையோ தேடினார்.

"என்னங்க தேடுறீங்க?"

"கோடவுனுக்குப் போறப்ப மூக்குல கட்டுவேன்லா... அந்தத் துண்டு. அது இருக்கா, போட்டுட்டியா?"

எனக்கு அழுகை வந்தது. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. இரண்டில் கோபம்தான் கைகொடுக்கும் என்று எனக்கு அனுபவம். மறுநாள் காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பயிற்சி நிலையத்தில் இரண்டாவது சார் இருந்தார். போர்டின் ஒரு மூலையில் அந்தப் படம் இன்னமும் இருந்தது. சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தில் 'அழிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்.

"தம்பி, இந்தக் கேபிள்ல சிவப்பு உண்டா?"

"உண்டு மேடம். போர்ட்லயே இருக்கே."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. இந்தப் படத்தை வரைந்தது பெங்களூருக்குப் போன முதல் சார். அன்றைக்கு சாக்பீஸ் டப்பாவில் ஆரஞ்சும் பிரவுனும் இல்லை. "ஆரஞ்சுக்குப் பதிலா சிவப்புப் போடுதேன், பிரவுனுக்கு மஞ்சள். நீங்க மாத்தி எழுதிக்கிடுங்க" என்று வாயால் சொல்லியிருக்கிறார். இருந்தவர்கள் மாற்றி எழுதிக்கொண்டார்கள். அன்று மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் போட வேண்டியிருந்ததால் என் வீட்டுக்காரர் வகுப்புக்குப் போகவில்லை. மறுநாள் போய் போர்டில் உள்ளபடி எழுதிக்கொண்டார். சார் போய்விட்டார், படம் மட்டும் நின்றுவிட்டது. அழிக்கக் கூடாது என்று எழுதியிருந்ததால் யாரும் அழிக்கவில்லை.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"அப்ப இங்க படிச்ச ஒரு பையன் சொன்னான் மேடம்... பொறவு எனக்கு மறந்துட்டு."

"நீங்க எங்க படிச்சீங்க?"

"இங்கதான் மேடம். அதுக்கு அடுத்த பேட்ச். படிச்சு முடிக்கும் முன்னாடியே பாடம் எடுக்கச் சொல்லிட்டாங்க."

அடுத்த பேட்ச்! அவரும் இந்தப் போர்டைப் பார்த்துப் படித்தவர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், ஒரு சுருள் கேபிள் கிடக்கிறது. ஆசிரியர் உள்பட ஒருவர்கூட அதைத் தொட்டுப் பிரித்துப் பார்த்ததில்லை. யாரைத் திட்டுவது? அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை. டஸ்டரை எடுத்து அந்தப் படத்தை நானே அழித்துவிட்டு வந்தேன். "ஐயோ மேடம்" என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அங்கிருந்து நேரே அமீர் பாய் கடை.

"பாய், படம் எல்லாம் ஏன் வர மாட்டேங்குது? நெட்டுல கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்லக்கா. நான்தான் படத்தை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்."

"என்னது!"

"படம் இருந்தா ஒரு பக்கம் வர எம்புட்டு நேரமாகுங்கீக? எல்லாவனும் சத்தம் போடுதான். எழுத்து மட்டும்னா சட்டுனு வந்துரும். அம்புட்டுப் பேரும் இ-மெயில் பாக்கத்தான வாராக... அண்ணன் பாடம் படிக்காகன்னு எனக்கு எங்கக்கா தோணுச்சு?"

இத்தனை வாரமாக உரக்க வாசித்திருக்கிறேன்! கதவைத் திறந்து வைத்து! ஊருக்கே கேட்டது, அமீர் பாய் காதில் மட்டும் விழவில்லை. ஆனால் மனிதர் உடனே ஆன் பண்ணினார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

படம் மேலிருந்து ஒரு கீற்றாக இறங்க ஆரம்பித்தது. முதலில் வெள்ளை. அப்புறம் ஆரஞ்சு... நிஜமான ஆரஞ்சு. வெளியே ஒருவர் போன் பேச வேண்டும் என்று நின்றார். "லைன் ரிப்பேர்ண்ணே" என்று அமீர் பாய் கூசாமல் பொய் சொன்னார். பச்சை வந்தது, நீலம் வந்தது, கடைசியில் பிரவுனும் வந்து சேர்ந்தது. "பிரிண்ட் போட்டுத் தாரேன்க்கா" என்று உற்சாகமாக ஒரு தாளை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். எட்டு வயரும் கறுப்பு!

எட்டு வயருக்கும் நேராகக் கலர் பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. டூப்ளிகேட் என்று பட்டம் வாங்கிய அதே கேபிளில் ஒரு சுருளைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம். நான் கலரைச் சொல்ல, அவர் அடுக்க... சொருகுவதற்குள் ஒன்று நழுவும். மறுபடி வெட்டு, மறுபடி அடுக்கு. முதலில் வயரை ரொம்ப மரியாதையாகப் பிடித்தார், ஒடிந்துவிடுமோ என்று.

"அதென்ன சாமி விக்ரகமா? பூ கட்டுற மாதிரி அழுத்திப் பிடிங்க!" என்று கத்தினேன். பிடித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு முழுக்க வயர்த் துண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வயர் கூட நழுவவில்லை.

மறுநாள் அரை மணி முன்னதாகவே மில்லுக்குப் போனார். பத்து மணி வாக்கில் பக்கத்து வீட்டு டெலிபோனுக்குக் கூப்பிட்டார். ஆபீஸ் நேரத்தில் வாழ்க்கையில் ஒருநாள் கூடக் கூப்பிட்டதில்லை. பயந்துகொண்டே ஓடினேன்.

"ஏட்டி... ஹப்புல பச்சை லைட்டு எரிஞ்சுட்டு! ரெண்டு பக்கமும் எரியுதுட்டி!"

பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டிருக்க, ரிசீவரைப் பிடித்தபடியே நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பரீட்சை மதுரையில். எழுதிவிட்டு வந்தார், பாஸ். வயர் கலர் பற்றி எத்தனை கேள்வி என்று ஆசையாகக் கேட்டேன். ஒன்று கூட வரவில்லையாம்!

ஆகவே, மகனை எதில் சேர்ப்பது என்று கேட்கும் தாய்மார்களே... வகுப்பில் ஆள் இருக்கிறார், எதிரே நின்று கேட்கலாம். ஆனால் அவருக்கும் தெரியாததைக் கேட்டால் போர்டைக் காட்டுவார். நெட்டில் சரியான விஷயம் இருக்கிறது. ஆனால் அது உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் வழியில் கரண்ட், டெலிபோன், அமீர் பாய் என்று பலர் குறுக்கே நிற்கிறார்கள். எதில் சேர்த்தாலும் சரி, முதல் வாரமே ஒரு கேபிள் துண்டை வாங்கி அவன் கையில் கொடுங்கள். வெட்டட்டும், பாழாக்கட்டும். தொடாமல் படித்தது எல்லாம் நாலு பேர் முன்னால்தான் காலை வாரும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை இவ்வளவு எரிச்சலோடு எழுதியிருக்க மாட்டேன்.

சின்ன முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. பொங்கலுக்கு இவர்தான் நெட்வொர்க் இன்சார்ஜ். மாலை போட்டார்கள், ஸ்வீட் கொடுத்தார்கள். மதுரைப் பையன் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. இனிமேல் கோடவுன் பேச்சே இல்லை அல்லவா?

ஆபீஸில் போட்ட நெட்வொர்க் ஒரு நாள் கூட மக்கர் பண்ணவில்லை. ஏ.சி., தூசி கிடையாது, ஏன் பண்ணப்போகிறது? மக்கர் பண்ணுவதெல்லாம் மில்லின் கடைசி ஷெட்டில் உள்ள கம்ப்யூட்டர். பஞ்சு எடையை அங்கேயே ஏற்றினால் ஆபீஸில் தெரிய வேண்டும் என்று பஞ்சு கோடவுனிலும் ஒரு ஹப் வைத்திருக்கிறார்கள். அதில் பஞ்சுத் தூசி அடைத்து அடைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தரம் லைட் அணைந்துவிடும். யார் போய்ப் பார்ப்பது? வேறு யாரையும் தொட விட முடியாதாம். சர்ட்டிபிகேட் உள்ள ஆள் ஒருவர்தானே!

நேற்றுச் சாயங்காலம் அவர் தெருவில் வரும்போது, எனக்குச் சமையல்கட்டில் அந்தப் பழைய இளைப்புச் சத்தம் கேட்டது.

சின்ன முதலாளி அவருடைய சர்ட்டிபிகேட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தூசி படாமல் ஏ.சி. அறைக்குள் மாட்டியிருக்கிறார். அதை வாங்கிய ஆள்தான் கோடவுனில் நிற்கிறார்.